மெக்அலிஸ்டர் பக்கம் நின்று பேசுகிறேன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'டெட் பொயட்ஸ் சொசைட்டி' படத்தின் வெல்டன் பள்ளி மாணவர்களுக்கு நல்ல ஆசிரியர் யார்? ஆங்கிலம் நடத்தும் கீட்டிங்கா, லத்தீன் நடத்தும் மெக்அலிஸ்டரா? இதுதான் இன்றைய தலைப்பு. 1989இல் பீட்டர் வியர் இயக்கி வந்த படம். கதை நடப்பது 1959இல், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், பையன்கள் மட்டும் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியர் நோலனுக்காக நான் பேச வரவில்லை. சார்லி என்ற மாணவனைக் குனியவைத்துக் கட்டையால் அடித்தவர் அவர். நீல் என்ற மாணவன் இறந்த பிறகு, மற்ற மாணவர்களை மிரட்டிக் கையெழுத்து வாங்கி, அந்தப் பழியைக் கீட்டிங் தலையில் போட்டவரும் அவர்தான். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்ற பழமொழியை இந்த மேடைக்கு நான் கொண்டுவரப்போவதில்லை. நான் பேசுவது மெக்அலிஸ்டருக்காக. 'அக்ரிகோலா, அக்ரிகோலே' என்று வேற்றுமை வடிவங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாரே, அவருக்காக.

எதிரணி நண்பர் பாடநூலின் முன்னுரையைக் கிழிக்கும் காட்சியை உருக்கமாக எடுத்துச் சொன்னார். கவிதையைக் கட்டம் போட்டு அளக்கச் சொல்லும் முன்னுரை அது. அதை ஏற்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நடுவர் அவர்களே, அந்த வகுப்பில் ஒரு பையனாவது அதைப் படித்து, யோசித்து, 'இது தப்பு, இன்ன காரணத்தால் தப்பு' என்று சொன்னானா? வாத்தியார் கிழிக்கச் சொன்னார், கிழித்தார்கள். முதல் நாள் வரை ஒருவர் சொல்லுக்குத் தலையாட்டியவர்கள், அன்று இன்னொருவர் சொல்லுக்குத் தலையாட்டினார்கள். சுயமாகச் சிந்திப்பதற்கு இதுவா பயிற்சி?

கீட்டிங் யார்? அதே வெல்டனின் பழைய மாணவர். மேற்கோள்கள் அவர் வாயில் அருவியாகக் கொட்டுகின்றன. அவை எங்கிருந்து வந்தன? அவர் நின்று பேசிய அடித்தளத்தை மெக்அலிஸ்டர் போன்றவர்கள்தான் மாணவர்களுக்குப் போட்டுக்கொடுக்கிறார்கள். மேசைமேல் ஏறி நின்றால் உலகம் வேறு மாதிரி தெரியும் என்றார் கீட்டிங். சரி. ஆனால் அந்த மேசையைச் செய்துவைத்தவருக்கும் ஒரு வணக்கம் வைக்க வேண்டாமா?

சார்லி விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியே கூடியிருந்த சபையில் தொலைபேசி மணி அடிக்கவைத்து, 'கடவுள் பேசுகிறார், வெல்டனில் பெண்களையும் சேர்க்க வேண்டுமாம்' என்றான். அதன் பிறகு கீட்டிங் அவனிடம் என்ன சொன்னார்? துணிச்சலுக்கு ஒரு நேரம் உண்டு, எச்சரிக்கைக்கு ஒரு நேரம் உண்டு என்றார். இது மெக்அலிஸ்டர் பாடம். அடி வாங்கிய பிறகு வந்ததுதான் எனக்கு வருத்தம்.

இனி நீல் பெர்ரி. இந்த வழக்கே அவனிடம்தான் இருக்கிறது. நாடகத்தில் நடிக்க ஆசைப்பட்ட பிள்ளை. ஹார்வர்டு போய் டாக்டராக வேண்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அப்பா பெயரில் பொய்க் கடிதம் தயாரித்து நடிக்கப் போனான், அவரிடமே மாட்டிக்கொண்டான். அன்று இரவு ஓடியது கீட்டிங்கின் அறைக்கு. 'என்னிடம் சொன்னதை உன் அப்பாவிடம் சொல்' என்றார் அவர். நல்ல அறிவுரைதான். மறுபடி சந்தித்தபோது, சொல்லிவிட்டேன், அப்பா ஒத்துக்கொண்டார் என்றான் நீல். கீட்டிங் திருப்பிக் கேட்கிறார், 'நிஜமாகவா?' அந்த முகத்தைப் பாருங்கள். முழுசாக நம்பவில்லை. நம்பாமலேயே விட்டுவிட்டார்.

அங்கேதான் நான் நிற்கிறேன். பையன் பொய் சொல்கிறானோ என்று சந்தேகம் வந்த ஆசிரியர், அவன் அப்பாவுக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டாமா? ஆசையைக் கிளப்பிவிட்டவர், எதிர்ப்பு வரும்போது பக்கத்தில் நின்றிருக்க வேண்டாமா? நாடகம் முடிந்ததும் அப்பா பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார். ராணுவப் பள்ளியில் சேர்க்கப்போவதாகச் சொன்னார். அன்றிரவே நீல் தன்னை மாய்த்துக்கொண்டான். குற்றம் கீட்டிங் மேல் என்று சொல்லமாட்டேன். பிள்ளையின் பேச்சைக் காதில் வாங்காத வீடுதான் முதல் காரணம். ஆனால் ஆழம் பார்க்காமல் காலை விடாதே என்று பதினேழு வயதுக்குச் சொல்லவேண்டியது யார்? கலைஞர்களாகுங்கள் என்று உசுப்புவது ஆபத்து, அப்படி ஆக முடியாதவன் பின்னால் உங்களையே வெறுப்பான் என்று சாப்பாட்டு மேசையிலேயே எச்சரித்தவர் மெக்அலிஸ்டர். அதை நட்பாகத்தான் சொன்னார். புத்தகம் கிழிக்கும் சத்தம் கேட்டு வகுப்புக்குள் வந்தவர், கீட்டிங் இருப்பதைப் பார்த்ததும் பேசாமல் திரும்பிப் போனவரும் அவரே.

எதிரணி டாட் ஆண்டர்சனைக் காட்டும். வாயே திறக்காத பையன், கீட்டிங் வேலை போய்க் கிளம்பும்போது அவருக்காக மேசைமேல் ஏறி நின்றானே என்று கேட்கும். உண்மை, எனக்கும் கண் கலங்கியது. அதற்காகக் கீட்டிங்கைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் மறுநாள் காலை டாட் யார் வகுப்பில் உட்காருவான்? கீட்டிங் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இருப்பவர் மெக்அலிஸ்டர். அவரும் பழைய மெக்அலிஸ்டர் இல்லை. கிளம்பும் நேரத்தில் கீட்டிங் சன்னல் வழியே பார்க்கிறார். வெளியே பனியில் பையன்களை நடத்திக்கொண்டே லத்தீன் சொல்லிக்கொடுக்கிறார் மெக்அலிஸ்டர். நண்பரிடம் இருந்த நல்லதை எடுத்துக்கொண்டார், தன் பாடத்தையும் விடவில்லை. அந்தப் பையன்களோடு அங்கேயே இருந்து வேலை செய்கிறவருக்குத் தீர்ப்புத் தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.