கும்மி வட்டத்தில் பக்கத்து ஆளுக்கும் இடம் உண்டு

(வள்ளி கும்மி அரங்கேற்ற விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, ஒரே நிறச் சேலையில் ஆட்டத்துக்குத் தயாராக நிற்கிற அம்மணிகளே, எல்லோருக்கும் வணக்கமுங்க. தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களுக்கும், கோயில் தர்மகர்த்தா ஐயாவுக்கும், திடலில் தண்ணீர் தெளித்துக் கொடுத்த இளைஞர் மன்றத்தாருக்கும், மைக்செட்டுக்குக் காசே வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்பிக்கும் என் நன்றி. கும்மி வாத்தியாருக்குத் தனியாக ஒரு கும்பிடு. பகலெல்லாம் வேலைக்குப் போய் வந்தவர்களை ராத்திரியில் வட்டமாக நிறுத்தி அடவு சொல்லிக் கொடுப்பது லேசான காரியம் இல்லை.

இரண்டு சேதி சொல்ல வந்தேன். ஒன்று, ஆட்டத்தில் நாமாகச் சேர்க்கிற கூடுதல் சுற்றும் நெளிவும். இரண்டு, பக்கத்து ஆளுக்குத் தருகிற மரியாதை.

ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள். கும்மிக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி எனக்குத் தெரியாது. கூடுதலாக ஒரு சுற்றுப் போடுவது தப்பே இல்லை. ஆட்டம் அதில்தான் மினுங்கும். ஆனால் அடுத்த தட்டு விழும்போது உங்கள் கை வட்டத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் புதிதாகப் பழகுகிறவரோ முழங்கால் வலிக்காரரோ நின்றால் அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். கோலாட்டத்தில் இன்னும் கவனம் வேண்டும். எதிரே நிற்பவர் உங்கள் கோலை நம்பி வீசுகிறார். நீங்கள் சுழன்றுகொண்டிருந்தால் அந்த அடி விரலில் விழும்.

பின்னல் கோலாட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு பள்ளி ஆண்டு விழா. மேலே கட்டிய கயிறுகள் தொங்குகின்றன, ஆளுக்கொரு நிறம். பிள்ளைகள் உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை மாறி மாறிப் போகப் போகப் பின்னல் இறங்குகிறது. அதில் ஒரு பெண், நல்ல துடி. கைதட்டல் கேட்டதும் உற்சாகம் பிறந்து, பக்கத்துப் பெண்ணை ஒரு முழு வட்டம் சுற்றி வந்தாள். விசில் பறந்தது. அப்புறம் பின்னலை அவிழ்க்கிற நேரம். வந்த வழியே திரும்ப வேண்டும். அந்த ஒரு சுற்று மட்டும் யார் கணக்கிலும் இல்லை. பாதி அவிழ்ந்ததும் முடிச்சு விழுந்தது. பாட்டு முடிந்து, மறுபடி ஆரம்பித்து, மூன்றாம் முறையும் ஓடியது. மேளக்காரர் ஆசிரியரைப் பார்க்கிறார், ஆசிரியர் கயிற்றைப் பார்க்கிறார். கடைசியில் நின்ற குட்டிப் பெண்ணுக்குத்தான் கஷ்டம். அவள் கயிறு முடிச்சில் மாட்டிக் குட்டையாகிவிட்டது. நுனிக்காலில் நின்றபடி, விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். சுற்றிய பெண் ஓடிப்போய் அந்தப் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஏணி வருகிறவரை இறக்கவே இல்லை. கூட்டம் அதற்குத்தான் பெரிதாகக் கைதட்டியது.

கோவை மாவட்டத்துக் கும்மி ஆசான் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்களே பெரும்பாலும் ஆடிய வட்டத்தில் பெண்களைச் சேர்த்துப் பழக்கியவர். இன்னும் நாலு பேர் வட்டத்துக்குள் வர இடம் விடுவதுதான் பெரிய அலங்காரம் என்பேன்.

இடம் என்றதும் என் மனசில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். பாதி நேரம் நாம் இடித்துக்கொள்வது திமிரால் இல்லை, இட நெருக்கடியால். வீதியில் வட்டம் போட்டால் அது நீள்வட்டமாகிவிடுகிறது. கை வீசக்கூட வழியில்லை. நமக்கென்று மிச்சம் இருப்பது இந்த மண் திடல் ஒன்றுதான். இதிலும் சிமெண்ட் கல் பதித்து வண்டி நிறுத்தலாம் என்று பேச்சு அடிபடுகிறது. வெறுங்காலில் குதித்து ஆடுகிறவர்களின் முழங்கால் கல்தரையைத் தாங்குமா? மண் வாங்கிக்கொள்ளும், கல் திருப்பி அடிக்கும். வயதானவர்கள்தான் முதலில் வட்டத்தைவிட்டு விலகுவார்கள்.

தலைவர் அம்மா, அக்டோபர் 2 கிராம சபையில், திடல் மண்தரையாகவே ஆட்டத்துக்கும் விளையாட்டுக்கும் இருக்கும் என்று ஒரு தீர்மானம் போட்டுத் தாருங்கள். நான் ஒருத்தி கேட்டால் போதாது. ஒரு கை தட்டினால் ஓசை வராது. பந்தல்கால் பக்கம் நோட்டு வைத்திருக்கிறேன். ஆடி முடித்ததும் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வெளியூரிலிருந்து ஆட வந்தவர்களும் போடலாமுங்க.