18 மாதக் குழந்தைக்கு 9 மாதம் என்பது எவ்வளவு காலம்?

வணக்கம். அயல்நாட்டுக் காப்பகம் ஒன்றிலுள்ள குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்து, அது உங்களுக்கென ஒதுக்கப்பட்டு, அதன் புகைப்படமும் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் அதற்கு வயது 18 மாதம். அழைத்துவர அனுமதி கிடைக்க மேலும் 9 மாதம் ஆகிறது. அப்படியென்றால், படத்தில் நீங்கள் பார்க்கும் அந்தக் குழந்தையை நீங்கள் ஒருநாளும் தூக்கப்போவதில்லை. இரண்டேகால் வயதில், ஓடத் தெரிந்த, உங்களுக்குப் புரியாத மொழியில் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த ஒரு குழந்தைதான் உங்களிடம் வரும்.

ஏன் இவ்வளவு தாமதம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடுகளுக்கு இடையேயான தத்தெடுப்புக்காக 1993 மே 29 அன்று உருவான ஹேக் உடன்படிக்கையின்படி, பிறந்த நாட்டிலேயே குழந்தைக்குத் தகுந்த குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்; பெற்றோரின் சம்மதம் பணம் கொடுத்துப் பெறப்பட்டதாக இருக்கக் கூடாது; இரு நாடுகளிலும் தத்தெடுப்புக்குப் பொறுப்பான மத்திய அமைப்புகள் ஒப்புக்கொண்ட பின்னரே குழந்தையை ஒப்படைக்க முடியும். குழந்தைகள் விலைபொருளாகாமல் காக்கும் இந்தச் சோதனைகளில் ஒன்றைக்கூடக் குறைக்கும்படி நான் கேட்க மாட்டேன். ஆனால் எந்தச் சோதனையும் நடக்காமல், கோப்பு வெறுமனே மேசையில் கிடக்கும் வாரங்களுக்கு என்னால் நியாயம் கற்பிக்க முடியவில்லை.

ஏனென்றால், இந்தக் கணக்கைப் பாருங்கள். 18 மாதக் குழந்தைக்கு 9 மாதம் என்பது அது வாழ்ந்த வாழ்நாளில் பாதி. 36 வயதான ஒருவரிடம் அதே விகிதத்தில் காத்திருக்கச் சொன்னால், 18 ஆண்டுகள் காத்திருங்கள் என்று சொல்ல வேண்டும். நாம் நாட்காட்டியில் கிழிக்கும் தாளும் அந்தக் குழந்தையின் நாளும் ஒரே அளவு கொண்டவை அல்ல.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-களின் தொடக்கத்தில் தொடங்கிய ஆய்வு ஒன்று இதை அழுத்தமாகக் காட்டியது. காப்பகங்களில் இருந்த, 6 முதல் 31 மாத வயதுடைய 136 குழந்தைகளில் ஒரு பகுதியினர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின் அறிவு வளர்ச்சியும் பிறரிடம் ஒட்டிக்கொள்ளும் இயல்பும் காப்பகத்திலேயே தொடர்ந்தவர்களைவிட மேம்பட்டன. அதிலும் இரண்டு வயதுக்கு முன் குடும்பத்தை அடைந்தவர்கள், பின்னர் அடைந்தவர்களைவிடப் பொதுவாக நன்றாகத் தேறினர். இதைக் கேட்டு மனம் தளராதீர்கள். தாமதமாக வந்த குழந்தைகளும் குடும்பத்தில் முன்னேறவே செய்தார்கள்.

இப்போது என்னை மிகவும் வியக்கவைத்த செய்திக்கு வருகிறேன். சீனாவில் பிறந்து, சராசரியாக ஏறத்தாழ ஒரு வயதில் தத்தெடுக்கப்பட்டு, கனடாவில் பிரெஞ்சு மொழி மட்டுமே பேசி வளர்ந்த சிறுமியரை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. 9 முதல் 17 வயது வரையிலான அவர்களுக்குச் சீன மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. பல ஆண்டுகளாக அதைக் கேட்டதும் இல்லை. ஆயினும் சீன மொழியின் ஏற்ற இறக்க ஒலிகளைக் கேட்கச் செய்தபோது, அவர்களின் மூளை பிரெஞ்சு மட்டும் அறிந்தவர்களின் மூளையைப் போலன்றி, சீன மொழியைப் பேசி வளர்ந்தவர்களின் மூளையைப் போலவே செயல்பட்டது. தொட்டில் பருவத்தில் யாரோ ஒரு பராமரிப்பாளர் கொஞ்சிய குரலின் தடம், பொருள் முற்றிலும் அழிந்த பிறகும் அங்கே இருந்தது! காப்பகத்திலிருந்து வரும் குழந்தையை எழுதப்படாத பலகை என்று எண்ணுபவர்கள் இந்த ஓர் ஆய்வையாவது அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, காத்திருக்கும் மாதங்களில் அறையை அலங்கரிப்பதைவிட, அந்தக் குழந்தை இப்போது வாழும் நாளை அறிய முயலுங்கள். எத்தனை மணிக்கு உறங்குகிறது, யார் தூக்கினால் அழுகை நிற்கிறது, தண்ணீருக்கு என்ன சொல்கிறது என்று காப்பகத்திடம் கேளுங்கள்; புதிய எடையும் உயரமும் தலைச்சுற்றளவும் கேட்டுப் பெற்றுக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ‘பசிக்கிறதா’, ‘வலிக்கிறதா’, ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ ஆகிய மூன்றையாவது அதன் மொழியில் சொல்லப் பழகுங்கள். காப்பகம் அனுமதித்தால், உங்கள் முகங்கள் உள்ள சிறு படத்தொகுப்பையும் குரல் பதிவையும் அனுப்பிவையுங்கள்.

உங்களில் யாரேனும் இப்படிக் காத்திருந்தால், எது துணைநின்றது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். குழந்தையின் பெயரையும் படத்தையும் மட்டும் தயவுசெய்து பகிராதீர்கள். இன்னும் ஒன்று: குழந்தை காப்பகத்திலிருந்து கொண்டுவரும் போர்வையையோ சட்டையையோ உடனே துவைத்துவிடாதீர்கள். முதல் சில இரவுகளில் அதற்குப் பழக்கமான மணம் அந்தத் துணியில் மட்டுமே இருக்கும்.