தட்டு தேறுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

நம் டெல்டாக்காரர்களுக்குத் தரம் பார்த்து விலை சொல்வது பழகிப்போன வேலை. கொள்முதல் நிலையத்தில் நெல்லை அள்ளிக் கருவியில் போட்டால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலா கீழா என்று தெரிந்துவிடும். அதன்மேல் எவ்வளவு வாக்குவாதம் நடந்தாலும் கண்முன்னே ஓர் எண் இருக்கிறது. இன்று நான் பேச வந்திருக்கும் பழைய இசைத்தட்டுக்கு அப்படி ஒரு கருவி கிடையாது. விற்பவருடைய கண்ணும் காதும் என்ன சொல்கிறதோ, அதுதான் தரம். இணையத்தில் வாங்கும்போது முகம் தெரியாத ஒருவருடைய கண்ணை நம்பித்தான் பணம் அனுப்புகிறோம்.

என் அப்பா வலங்கைமான் பக்கத்தில் மைக் செட் வைத்திருந்தார். விடியற்காலையில் குழாய் ஸ்பீக்கரில் நாகஸ்வரத் தட்டு ஓட ஆரம்பித்தால்தான் கல்யாண வீடே எழுந்திருக்கும். தட்டின் ஓரத்தையும் நடுவில் இருக்கும் லேபிளையும் தவிர வேறெங்கும் எங்கள் விரல் படக் கூடாது. பட்டால் அன்றைக்கு முழுக்க அப்பா எங்களோடு பேசமாட்டார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன், இப்போது கும்பகோணத்தில் பழைய தட்டுகளை வாங்கி, சுத்தம் செய்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நாகஸ்வர எல்.பி., அதாவது நீண்ட நேரம் ஓடும் தட்டு, விற்பனைக்கு வந்தது. நான் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த தட்டு. 'வெரி குட் பிளஸ்' என்று தரம் போட்டிருந்தார்கள். படத்தில் கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளத்தது. நல்ல விலை கொடுத்தேன். வந்ததும் ஓட்டினேன். ஆலாபனை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் 'டக்' என்றது. அப்புறம் இன்னொரு 'டக்'. அது போனாலும் போகட்டும் என்று பொறுத்திருந்தால், மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் நாகஸ்வரம் கரகரவென்று உடைந்தது. விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார், அழகாக இருந்திருக்கிறது, எழுதிவிட்டார். ஓட்டிப் பார்க்க அவரிடம் மெஷினே இல்லை. பளபளப்பைப் பார்த்து ஏமாந்தது அவர் மட்டுமில்லை, நானும்தான். அன்றிலிருந்து ஒரு தட்டை வாங்குவதற்கு முன்னால் என்னென்ன கேட்கவேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டேன். அதிலிருந்துதான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தத் தரச் சொற்கள். கோல்ட்மைன் என்ற அமெரிக்க இதழ் வகுத்த அளவுகோலைத்தான் உலகம் முழுக்கப் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். தட்டுகளை வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்திலும் அதுதான். மேலிருந்து கீழே வந்தால் மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் பிளஸ், குட், ஃபேர், புவர். இதில் நம்மவர்கள் விழுகிற பள்ளம் எது தெரியுமா? 'குட்' என்ற சொல். நாம் அதை 'நல்லா இருக்கு' என்று படிக்கிறோம். அந்த அளவுகோலில் அதற்கு அர்த்தம் வேறு. முள் தாண்டாமல் கடைசிவரை ஓடும். ஆனால் இரைச்சல் உண்டு, கீறல் உண்டு, முள் ஓடுகிற பள்ளமான வரிகள் தேய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். வெறும் 'வெரி குட்' என்றாலும் ஒலி தணிந்த இடங்களில் படபடப்பு கேட்கும். விலையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். நியர் மின்ட் தட்டு 1000 ரூபாய் என்றால், அதே தட்டு வெரி குட் பிளஸ் நிலையில் ஏறக்குறைய 500, வெரி குட் 250, குட் என்றால் 100 அல்லது 150. பிரிட்டனில் ரிக்கார்ட் கலெக்டர் இதழின் அளவுகோலில் எக்ஸலன்ட் என்று ஒரு படி உண்டு. கிட்டத்தட்ட அமெரிக்கர்களின் வெரி குட் பிளஸ்தான் அது. அதனால் விற்பவர் எந்த அளவுகோலில் பேசுகிறார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மின்ட் என்று யாராவது எழுதினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஒரு தடவை ஓட்டிய தட்டுக்கே அந்தப் பெயர் பொருந்தாது.

சரி, எப்படிப் பார்ப்பது? திருவையாற்றுப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. அங்கே வயதான ஒரு அம்மா, ரேழியில் இருந்த மரப்பெட்டியைக் காட்டி, "தம்பி, இதெல்லாம் தேறுமா, இல்லே பழைய சாமான்காரனுக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டார்கள். காலை பத்து மணி இருக்கும். வெயில் முற்றத்தில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. இசைத்தட்டுப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை. வெயிலில் அதிக நேரம் வைத்தால் தட்டு வளைந்துவிடும், ஆகவே நிழலின் விளிம்பில் நின்றுகொண்டேன். தட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பிடித்து, ஒளி பக்கவாட்டில் விழும்படி மெல்லச் சாய்த்துத் திருப்பினால், நேராகப் பார்க்கும்போது தெரியாத மயிரிழைக் கீறல் எல்லாம் சிலந்தி வலை மாதிரி எழுந்து வரும். அந்த மயிரிழைகள் பெரும்பாலும் காதுக்கு எட்டாது. ஆழமான கீறல்தான் தொல்லை. நகத்தால் மிக மெல்ல வருடிப் பார்க்கும்போது தட்டுப்பட்டால், முள்ளுக்கும் தட்டுப்படும். எல்.பி. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது; வரிக்குக் குறுக்கே ஒரு கீறல் இருந்தால் 1.8 நொடிக்கு ஒரு 'டக்' கேட்கும், கீறல் எத்தனை வரியைக் கடக்கிறதோ அத்தனை தடவை. வரியோடு சேர்ந்து ஓடும் கீறல் இன்னும் மோசம். முள் அதில் மாட்டிக்கொண்டு, சொன்னதையே சொல்லும். கீறல் விழுந்த ரிக்கார்டு என்று நாம் பேச்சில் சொல்வது அதைத்தான்.

அடுத்து நான் பார்ப்பது நடு ஓட்டை. இது பலருக்குத் தெரியாது. தட்டை மெஷினில் மாட்டும்போது நடுக்கம்பி எங்கே என்று தடவித் தடவி வைத்தவர்கள், லேபிளின் மேல் மெல்லிய கோடுகளை விட்டுவைத்திருப்பார்கள். ஓட்டையைச் சுற்றி அந்தக் கோடுகள் நிறைய இருந்தால், அந்தத் தட்டு நிறைய ஓடியிருக்கிறது. மேலே எவ்வளவு துடைத்துப் பளபளப்பாக்கினாலும் லேபிள் கோட்டை யாரும் அழிக்க முடியாது. விற்பவரிடம் படம் கேட்டால், லேபிளைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று கட்டாயம் கேளுங்கள்.

தேய்மானம் கீறலைவிடத் தந்திரமானது. நம் பக்கத்துத் தட்டுகள் பலவும் மைக் செட்டில் உழைத்தவை. இன்றைய நல்ல மெஷினில் முள் ஏறக்குறைய 2 கிராம் எடைதான் அழுத்தும். அந்தக் காலத்து மெஷின்களில் அது பல மடங்கு. முள் மழுங்கினாலும் முகூர்த்தம் நிற்குமா? ஓட்டத்தான் செய்வார்கள். அதில் முதலில் போவது உரத்த இடங்கள். நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து உச்சத்துக்குப் போகிற இடம்தான் கரகரக்கும். தட்டின் உள்பக்கம் நெருங்க நெருங்க இது கூடும். ஓரத்தில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் அளவுக்கு முள்ளுக்கு அடியில் ஓடுகிற வரி, லேபிளுக்குப் பக்கத்தில் 20 சென்டிமீட்டர் சுமாருக்குக் குறைந்துவிடுகிறது. அத்தனை ஒலியையும் அந்தச் சின்ன இடத்தில் நெருக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு தட்டு எப்படி ஒலிக்கிறது என்று கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்பச் சொன்னால், தொடக்கத்தைக் கேட்காதீர்கள். ஒரு பக்கத்தின் கடைசி இரண்டு நிமிஷத்தைக் கேளுங்கள்.

நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு தனிக் கதை. அது எல்.பி. மாதிரி வினைல் என்ற பிளாஸ்டிக் இல்லை, அரக்குச் சேர்ந்தது. கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் வீட்டில் தட்டு என்றால் பெரும்பாலும் இதுதான். ராத்திரி முழுக்கத் தோடி வாசிக்கக்கூடிய மனிதர், பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம் என்று அதை அடக்க வேண்டியிருந்தது. அந்த அம்மாவின் பெட்டிக்கு அடியிலும் இப்படிப் பத்துப் பன்னிரண்டு தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் நடு ஓட்டையில் விரல் நுழைத்துத் தொங்கவிட்டு, கணுவால் லேசாகத் தட்டினேன். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேபோல. கணீரென்றால் முழுசு, அடைத்த ஒலி வந்தால் எங்கோ விரிசல். நான் கொண்டுபோயிருந்த மெஷினில் ஒன்றை வைத்தேன். 78-க்கு வேறு முள் போடவேண்டும். எல்.பி. முள் அதன் அகலமான வரிக்கு அடியில் போய் உட்கார்ந்து இரைச்சலை மட்டும் அள்ளும். பாதிப் பாட்டில் அந்த அம்மா கையைத் தூக்கி, "இப்போ ஒரு தட்டு தட்டும் பாருங்க" என்றார்கள். அதேபோலத் தட்டியது. "எங்க மாமனார் காலத்துலேர்ந்தே அந்த இடத்துல தட்டும் தம்பி." நான் அந்தத் தட்டை வெரி குட் என்று குறித்துக்கொண்டேன். அவர்கள் அதை விற்கவில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். வினைலைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தும் ஆல்கஹால் கலந்த திரவம் எதையும் 78 தட்டின் மேல் விடாதீர்கள். ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். வீட்டில் சானிடைசர் இருக்கிறதே என்று துடைத்து, லேபிள் வரைக்கும் நாசமான தட்டு ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்தது.

நம் ஊர் ஈரக்காற்று வினைல் தட்டை நேராக ஒன்றும் செய்யாது. உறையைத் தின்னும், பூஞ்சணத்தை வளர்க்கும். உறைக்கு இராமபாணப் பூச்சியும் கரையானும் எதிரி. அதனால் உறைக்கு ஒரு தரம், தட்டுக்கு ஒரு தரம் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தரம் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். தட்டின் மேல் வெண்புகை மாதிரி படர்ந்த பூஞ்சணம் கழுவினால் போய்விடும். ஆழமாக ஊன்றியிருந்தால் படபடப்பு தங்கிவிடும். கழுவி ஓட்டிப் பார்த்தபிறகு குறித்த தரமா, கழுவாமல் குறித்ததா என்றும் கேட்கலாம். அப்புறம் லேபிளில் மைக் செட்டுக்காரர் ரப்பர் முத்திரையும் ஊர்ப் பெயரும் மையால் எழுதிய வரிசை எண்ணும் இருக்கும். கணக்குப்படி அது குறைதான், விற்பவர் சொல்லியே ஆகவேண்டும், விலையும் குறையும். எனக்கோ அப்படி முத்திரை உள்ள தட்டு கையில் கிடைத்தால் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். எந்த ஊர்க் கல்யாணத்தில் ஓடியதோ!

விற்பவரிடம் கேட்கவேண்டியவை அதிகமில்லை. ஓட்டிப் பார்த்தீர்களா, கண்ணால் பார்த்து எழுதினீர்களா? எந்தப் பாட்டில், எந்த இடத்தில் சத்தம்? தட்டு வளைந்திருக்கிறதா? மெஷினில் சுற்றும்போது பக்கவாட்டிலிருந்து பத்து நொடி காணொளி அனுப்ப முடியுமா? நல்ல வியாபாரி இதற்கெல்லாம் சலித்துக்கொள்ளமாட்டார். நீங்களே உங்கள் வீட்டுப் பெட்டியை விற்பவரானால், சந்தேகம் வருகிற இடத்தில் ஒரு படி கீழே எழுதுங்கள். வாங்கியவர் திறந்து பார்த்து, நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் உண்டாகும் மகிழ்ச்சி தனி.

கட்டி அனுப்பும் விதத்தையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தட்டை உறைக்குள் விட்டு அனுப்பினால், வழியில் குலுங்கி உறையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தட்டை உள்தாளோடு வெளியே எடுத்து, உறைக்குப் பின்னால் வைத்து, இருபக்கமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாங்கினால் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையும் சேர்க்கச் சொல்லுங்கள், இங்கே அடைமழையில் தபால்காரர் என்ன செய்வார், பாவம். பெட்டி வந்ததும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே பிரியுங்கள். அன்றைக்கே இரண்டு பக்கத்தையும் முழுசாக ஓட்டிக் கேட்டுவிடுங்கள், திருப்பி அனுப்பக் கொடுத்திருக்கும் நாட்கள் சீக்கிரம் ஓடிவிடும்.

நன்றி, வணக்கம்.