உப்பு பிஸ்கட்டுக்கு ஒரு சாக்லேட் சட்டை

[காட்சி: மேஜையில் கண்ணாடிக் கிண்ணம். உள்ளே உருகிய சாக்லேட்.]

வணக்கம். இந்தக் கிண்ணத்தில் 100 கிராம் சாக்லேட் உருகிப் பளபளவென்று இருக்கிறது. இதில் அரை டீஸ்பூன் தண்ணீர் விடுகிறேன். விட்டாச்சு. இப்போது கிளறுவோம்.

[காட்சி: நெருக்கத்தில் கரண்டி. சாக்லேட் திரளத் தொடங்குகிறது.]

தண்ணீர் விட்டால் எதுவும் நீர்த்துத்தானே போகும்? இது கெட்டியாகிறது. மினுமினுப்பு போய், தண்ணீர் பத்தாமல் பிசைந்த கேழ்வரகு மாவு மாதிரி திட்டுத் திட்டாகத் திரண்டு நிற்கிறது. இனி இதில் எதையும் தோய்த்தெடுக்க முடியாது.

உருகிய சாக்லேட் பார்வைக்குத்தான் தளதளவென்று இருக்கிறது. அதில் தண்ணீர் கிட்டத்தட்ட கிடையாது. உருகிய கொழுப்பு, அதற்குள் மிதக்கும் பொடிப்பொடியான சர்க்கரையும் கோகோவும், அவ்வளவுதான். துளித் தண்ணீர் பட்டதும் சர்க்கரைத் துகள்கள் ஈரமாகிப் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

இன்றைக்கு நாம் செய்யப்போவது உப்பும் இனிப்புமாக, சாக்லேட்டில் தோய்த்த நொறுக்குத் தீனி. உப்பு பிஸ்கட், உருளைக்கிழங்கு சிப்ஸ், நேந்திரங்காய் சிப்ஸ், தேன்குழல், வறுத்த வேர்க்கடலை என்று வீட்டில் இருப்பதை வைத்தே செய்யலாம். எதைச் செய்தாலும் தண்ணீர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வேலை. அதற்குப் பலனும் உண்டு. சாக்லேட்டில் ஈரம் இல்லாததால் உள்ளே இருக்கும் சிப்ஸ் நமத்துப்போவதில்லை. மேலே தூவிய உப்பும் கரையாமல் பரல் பரலாகவே கிடக்கிறது. வாயில் எச்சில் பட்ட பிறகுதான் கரையும். அதனால்தான் கடிக்கும்போது இனிப்பு வந்துகொண்டே இருக்க, நடுவில் எங்கோ ஓரிடத்தில் சுருக்கென்று உப்பு தட்டுகிறது.

உப்பு ஏன் என்று கேட்பவர்களுக்கு: நாக்கில் கசப்பு தெரிவதை உப்பு மட்டுப்படுத்தும். டார்க் சாக்லேட்டின் கசப்பு கொஞ்சம் அடங்கினால், இனிப்பு தானாக மேலே வரும். பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடும் வீடுகளில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரான்ஸில் மன்னராட்சிக் காலத்தில் உப்புக்குக் கடுமையான வரி இருந்தது. பிரிட்டனி பகுதிக்கு அதிலிருந்து விலக்கு இருந்ததால், அங்கே வெண்ணெயில் தாராளமாக உப்புப் போடும் பழக்கம் நிலைத்தது. அந்தப் பகுதியின் கிபெரோன் ஊரில் 1977இல் கடை திறந்த ஆன்ரி லெ ரூ என்ற மிட்டாய்க்காரர், உப்பு வெண்ணெயில் கேரமல் செய்து பேர் வாங்கினார். இன்று ஐஸ்கிரீம் கடைப் பலகையில் சால்டட் கேரமல் என்று பார்க்கிறீர்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

சரி, சாமான் வாங்கப் போவோம்.

[காட்சி: இரண்டு சாக்லேட் கட்டிகள். பின்புறப் பொருள் பட்டியல் நெருக்கத்தில்.]

கேக் சாமான் விற்கும் கடையில் இரண்டு வகைச் சாக்லேட் கட்டி இருக்கும். பொருள் பட்டியலில் ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட் என்று போட்டிருந்தால் அது காம்பவுண்ட். கோகோ விதையின் கொழுப்பான கோகோ பட்டர் என்று மட்டும் போட்டிருந்தால் நிஜச் சாக்லேட். அதில் கோகோ பட்டர் கூடுதலாகச் சேர்த்து, தோய்ப்பதற்கென்றே செய்வதைக் கூவர்ச்சர் என்பார்கள். ருசியில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. கோகோ பட்டர் கிட்டத்தட்ட 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் வாயின் சூடு 37. அதனால் நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகும். காம்பவுண்ட் கொஞ்சம் மெழுகுத்தனமாக அண்ணத்தில் ஒட்டும். ஆனால் உருக்கி, தோய்த்து, வைத்தால் தானாக இறுகிவிடும். கூவர்ச்சர் அப்படி விடாது, அதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. முதல் முறை செய்பவர்கள் காம்பவுண்டே வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சாப்பிட விற்கும் சாதாரண மில்க் சாக்லேட் பார் மட்டும் வேண்டாம். உருகினாலும் கெட்டியாகவே நிற்கும், தோய்க்கக் கஷ்டம்.

200 கிராம் கட்டி இருந்தால் 25 உப்பு பிஸ்கட்டுகளைப் பாதிவரை தோய்க்கலாம். டார்க் வாங்குவதே என் கட்சி. மில்க் சாக்லேட்டில் ஏற்கெனவே இனிப்பு தூக்கல், உப்பு எடுபடுவதற்குள் திகட்டிவிடும்.

அடுத்தது உப்பு. தூள் உப்பு வேண்டாம். நாக்கில் பட்டவுடன் கரைந்து, வாய் முழுக்கக் கரிக்கும். கல் உப்புதான் சரி, ஆனால் அதில் ஒரு சிக்கல். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடு கொஞ்சம் கலந்திருக்கும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி அடியில் தண்ணீர் கோத்து நிற்பது இதனால்தான். ஆகவே இரண்டு ஸ்பூன் கல் உப்பை வெறும் வாணலியில் போட்டு, படபடவென்று வெடிக்கும் வரை வறுத்து, ஆறவிட்டு, சின்ன உரலில் ரவைப் பருமனுக்கு இடித்துக்கொள்ளுங்கள். நைஸாக இடித்துவிட்டால் பிறகு அதுவும் தூள் உப்புதான்.

[காட்சி: தட்டில் வரிசையாக நொறுக்குத் தீனிகள்.]

இப்போது தோய்க்கப்போகிற பொருள்கள். வெளிநாட்டு வீடியோக்களில் பிரெட்சல் என்ற முடிச்சு வடிவ உப்பு பிஸ்கட் வைத்துச் செய்வார்கள். இங்கே பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும், விலை கூட. மொனாக்கோ மாதிரி உப்பு பிஸ்கட் அந்த வேலையைக் குறைந்த காசில் செய்துவிடும். மேலே ஏற்கெனவே உப்புப் பரல் இருக்கிறது, வறண்டிருக்கிறது, எண்ணெய் வழிவதில்லை. முதல் முயற்சிக்கு இதைவிட நல்ல ஆள் கிடையாது.

உருளைக்கிழங்கு சிப்ஸ் என்றால் மெலிசானது உடைந்துபோகும். வரிவரியாக, தடிமனாக இருப்பதை எடுங்கள். மசாலா வேண்டாம், வெறும் உப்புச் சிப்ஸ். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாக்லேட் வழுக்கிவிடும், டிஷ்யூ பேப்பரில் ஒற்றிக்கொள்ளுங்கள். ஜப்பானின் சப்போரோவில் ராய்ஸ் என்றொரு நிறுவனம் இருக்கிறது. அவர்கள் விற்கும் சாக்லேட் சிப்ஸில் ஒரு பக்கம்தான் சாக்லேட் பூசியிருக்கும். மறுபக்க உப்பு நேராக நாக்கில் படும். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முழுசாக முக்குவதைவிட அதுதான் ருசி.

நேந்திரங்காய் சிப்ஸ் தேங்காய் எண்ணெயில் பொரித்தது. தேங்காய் எண்ணெயும் கோகோ பட்டரும் கலந்தால் இரண்டும் தனித்தனியாக இருந்ததைவிட இளகலாகிவிடும். கூவர்ச்சரில் தோய்த்தால் ஓரிரு நாளில் மேல்பூச்சு மெத்தென்று ஆகும். பல காம்பவுண்ட்கள் பாமாயில் கொட்டையின் கொழுப்பில் செய்தவை. அது தேங்காய் எண்ணெய்க்குப் பங்காளி, ஒத்துப்போகும். இதே காரணத்துக்காகக் காம்பவுண்டையும் கூவர்ச்சரையும் ஒரே கிண்ணத்தில் கலந்து உருக்காதீர்கள்.

தேன்குழல் அருமையாக வரும். பெருங்காயம் போடாததாக இருக்கட்டும். மிக்சர், பூண்டு முறுக்கு, கறிவேப்பிலை போட்ட காராசேவு இதெல்லாம் அவற்றின் பாட்டுக்கு இருக்கட்டும், விட்டுவிடுவோம்.

எதுவாக இருந்தாலும் கொஞ்சம் நமத்திருந்தால் அப்படியே தோய்க்காதீர்கள். அந்த ஈரம் சாக்லேட்டுக்குள் சிறைப்பட்டுவிடும். வாணலியில் சிறு தீயில் இரண்டு நிமிடம் புரட்டி, நன்றாக ஆறவிட்டு எடுங்கள்.

[காட்சி: அடுப்பு. பாத்திரத்தில் வெந்நீர், அதன்மேல் எவர்சில்வர் கிண்ணம்.]

உருக்கும் கட்டம். சாக்லேட்டைப் பொடியாக நறுக்குங்கள், பெரிய துண்டு மெதுவாகத்தான் உருகும். ஒரு பாத்திரத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். ஆமாம், அணைத்துவிட வேண்டும். அதன்மேல் கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. கிண்ணம் பாத்திரத்தைவிட அகலமாக இருந்தால் ஆவி பக்கவாட்டில் ஏறி உள்ளே விழாது. மூடி போடவே கூடாது, மூடியில் வேர்த்த தண்ணீர் சொட்டினால் கதை முடிந்தது. கரண்டி, கிண்ணம், கை எல்லாம் உலர்ந்திருக்கட்டும். கிண்ணத்தைத் தூக்கும்போது அடியைத் துண்டால் துடைத்துவிடுங்கள்.

மைக்ரோவேவில் என்றால் முதலில் 30 விநாடி, வெளியே எடுத்துக் கிளறல், பிறகு 15 விநாடி, மறுபடி கிளறல். சாக்லேட் உருகினாலும் வடிவம் கலையாமல் நிற்கும், உருகவில்லை என்று நினைத்து இன்னும் சூடு வைத்தால் உள்ளே கருகிவிடும். கடைசிச் சில துண்டுகள் மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். அந்தச் சூட்டிலேயே கிளறக் கிளற உருகும்.

கெட்டியாகத் தெரிந்தால் காம்பவுண்டுக்கு ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடலாம். வெண்ணெய் கூடாது, அதில் நூற்றுக்குப் பதினாறு பங்கு போலத் தண்ணீர் இருக்கிறது. பால், வெனிலா எசன்ஸ், கேக்குக்குப் போடும் தண்ணீர்க் கலர் எதுவும் வேண்டாம்.

கூவர்ச்சர் வாங்கியவர்களுக்காக ஒரு நிமிடம். கோகோ பட்டர் ஆறு விதமாகப் படிகமாகும். அதில் ஐந்தாவது வடிவம் மட்டுமே பளபளப்பாக, உடைத்தால் டக்கென்று சத்தம் வரும்படி இருக்கும். மற்றவற்றில் பல மங்கலாக, கையில் பிசுக்கென்று ஒட்டும். ஐந்தாவதை வரவழைப்பதற்குப் பெயர்தான் டெம்பரிங். 200 கிராமில் 150ஐ 45 டிகிரி வரை உருக்குங்கள். கிண்ணத்தை இறக்கி, உருக்காமல் வைத்த 50 கிராமைப் பொடியாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். டார்க் என்றால் 31, 32 டிகிரிக்கு இறங்கியதும் தயார். மில்க் என்றால் 30. கத்தி நுனியில் தொட்டு வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் மினுமினுப்போடு இறுகினால் சரி. இதற்குச் சமையல் தெர்மாமீட்டர் வேண்டும். அறையும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஹோம் மேட் சாக்லேட் தெருவுக்குத் தெரு செழிக்க அந்த ஊர்க் குளிரும் ஒரு காரணம். சென்னையில் மே மாத மதியம் அடுக்களையே 34 டிகிரிக்கு மேல் போகும்போது, கோகோ பட்டர் எப்படி இறுகும்? விடியற்காலையில் செய்யுங்கள், அல்லது ஏசி அறையில்.

[காட்சி: பிஸ்கட் தோய்க்கும் கை. பக்கத்தில் பட்டர் பேப்பர்.]

தோய்ப்பது சுலபம். பிஸ்கட்டைப் பாதிவரை முக்கி, தூக்கி, கிண்ண விளிம்பில் இரண்டு தட்டு. அடிப்பக்கத்தை விளிம்பில் வழித்துவிட்டு பட்டர் பேப்பரில் வையுங்கள். வழிக்காவிட்டால் அடியில் குட்டை மாதிரி தேங்கிப் பாதம் கட்டும். தேன்குழலை முள் கரண்டியில் ஏந்தி முக்குங்கள். சிப்ஸுக்கு ஸ்பூனின் பின்புறத்தால் ஒரு பக்கம் தடவினால் போதும்.

உப்பு தூவ ஒரு நேரம் இருக்கிறது. உடனே போட்டால் பரல் உள்ளே மூழ்கி மறைந்துவிடும். இறுகிய பிறகு போட்டால் ஒட்டாது, உதிரும். அரை நிமிடம் பொறுத்து, மேற்பரப்பின் ஈரப் பளபளப்பு லேசாக மங்கும்போது, கையை உயரத் தூக்கிக் கொஞ்சமாகத் தூவுங்கள். ஒரு பிஸ்கட்டுக்கு நாலைந்து பரல் போதும். சிப்ஸுக்குத் தேவையே இல்லை.

காம்பவுண்ட் அறையிலேயே இறுகும். வெயில் காலமென்றால் ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் அப்படியே வெளியே வைத்தால் கடற்கரை ஊர்க் காற்றில் மேலே முத்து முத்தாக வேர்க்கும். அந்தத் தண்ணீர் சர்க்கரையைக் கரைத்து, பிறகு காய்ந்து, வெள்ளைத் தேமல் போலப் படிந்துவிடும், உப்புப் பரலும் கரைந்துவிடும். ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும்போதே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடி, டப்பாவோடு வெளியே எடுங்கள். டப்பாவின் குளிர்ச்சி முழுக்கப் போன பிறகு திறந்தால் வேர்க்காது.

கிண்ணத்தில் கொஞ்சம் சாக்லேட் மிச்சம் இருக்கும். உப்புப் போட்டு வறுத்த வேர்க்கடலையைத் தோல் நீக்கி அதில் கொட்டிப் புரட்டி, ஸ்பூன் ஸ்பூனாகப் பேப்பரில் வைத்துவிடுங்கள். உண்மையைச் சொன்னால் இந்தத் தட்டில் முதலில் காலியாவது இதுதான்.

முதலில் தண்ணீர் விட்டுக் கெடுத்தோமே, அந்தச் சாக்லேட்டையும் தூக்கிப் போட வேண்டாம். சூடான பாலை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுக் கிளறுங்கள். கொஞ்சம் தண்ணீர்தான் அதைத் திரளவைக்கும், நிறையப் போனால் சர்க்கரை முழுக்கக் கரைந்து வழவழப்பான சாஸாகிவிடும். ஐஸ்கிரீமில் ஊற்றிச் சாப்பிடலாம்.

பிஸ்கட்டும் வேர்க்கடலையும் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். சிப்ஸ் வகைகளை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள், எண்ணெய் மெதுவாகச் சாக்லேட்டுக்குள் ஏறும். வெளியூருக்கு அனுப்ப மார்கழி, தை நல்ல காலம். சித்திரையில் காம்பவுண்டும் வண்டிக்குள் இளகிவிடும்.