வீடு மாறும்போது வலியின் கணக்கும் மாறும்

அவையோருக்கு வணக்கம். மும்பை மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நம்மவர் இரண்டு பேர் சந்தித்தால் இப்போது ரீடெவலப்மென்ட் பேச்சுதான். பழைய கட்டடத்தைக் காலி செய்து, சில வருஷம் வாடகை வீட்டில் இருந்து, பிறகு புது டவருக்குப் போக வேண்டும். மூட்டுவலி, முதுகுவலிக்காரர்களுக்கு இது இரட்டைச் சோதனை.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. அதோடு வாழ்கிறவர்கள் பழகிய வீட்டில் தங்களை அறியாமலே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: எத்தனை படி ஏறலாம், அடுப்படியில் எவ்வளவு நேரம் நிற்கலாம், எந்தப் பக்கம் புரண்டு எழலாம். வீடு மாறினால் அந்தக் கணக்கு செல்லாது. வலி கூடியதும் நோய் முற்றிவிட்டது என்று பயந்து எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடுகிறார்கள். பல நேரம் மாறியிருப்பது சமையல் மேடையின் உயரம்தான்.

மேடை முன் நின்று முழங்கையை மடக்கிப் பாருங்கள். முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் காய் நறுக்கச் சரி. அதைவிடத் தாழ்ந்திருந்தால் முதுகு பிடிக்கும். நறுக்கும் பலகைக்கு அடியில் ஆடாத மரக்கட்டை வைத்து உயர்த்துங்கள். உயர்ந்திருந்தால் தோளும் கழுத்தும் இழுக்கும். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தே நறுக்கலாம். மணை மேல் ஏறி நிற்காதீர்கள், ஈரத்தில் சறுக்கும்.

அடுத்தது நேரம். நின்று வேலை செய்யும்போது எத்தனையாவது நிமிஷத்தில் வலி ஏறுகிறது என்று நாலைந்து நாள் குறியுங்கள். சராசரி 15 என்றால் ஐந்தில் ஒரு பங்கு கழித்து 12 நிமிஷத்தில் உட்கார்ந்துவிடுங்கள், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். வலி குறைந்த நாளில்தான் ஆபத்து. இன்றே எல்லாப் பெட்டியையும் பிரித்துவிடலாம் என்று தோன்றும். மறுநாள் எழ முடியாது. அதற்குப் பயந்து அசையாமலே கிடந்தால் தசை தளர்ந்து, அடுத்த முறை 10 நிமிஷம்கூடத் தாங்காது. பால் காய்ச்சிய அன்றே அலமாரியையும் அடுக்கியாக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது? நிற்கும் நேரத்தை வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டினாலே போதும்.

மாத்திரை டப்பாவை லாரியில் ஏற்றாதீர்கள். பிரீகாபாலின், கேபாபென்டின், டுலாக்ஸெட்டின் போன்ற நரம்புவலி மாத்திரைகள் திடீரென்று நின்றால் தூக்கம் கெடும், குமட்டும், வியர்க்கும். இரண்டு வாரத்துக்கு வேண்டியது கைப்பையில் இருக்கட்டும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் உண்டு. எல்லாம் சேர்ந்து பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டினால் கல்லீரலுக்குக் கேடு. மெலிந்தவர்களும் கல்லீரல் நோயுள்ளவர்களும் இன்னும் குறைத்தே எடுக்க வேண்டும், டாக்டரைக் கேளுங்கள்.

முதுகுவலியோடு சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ எந்தக் கணக்கும் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புது ஃபிளாட்டில் கமோடுக்குப் பக்கத்தில் பிடிகம்பி வேண்டுமென்றால், டைல்ஸ் ஒட்டும் முன்பே பில்டரிடம் எழுத்தில் கொடுங்கள். இலகுரக பிளாக் சுவரில் சாதாரண ஸ்க்ரூ ஆள் எடையைத் தாங்காது, பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அடுத்த சொசைட்டி மீட்டிங்கில் பார்க்கிங் பேச்சு தொடங்குவதற்குள் இதைக் கேட்டுவிடுங்கள்.