கணக்குப் பார்க்காத வாத்தியார்

விழாவுக்குத் தலைமை தாங்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் சொந்தச் செலவில் போட்டுத் தந்த பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே (அண்ணனுக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள், போன வருடம் மைக் பாதியில் படுத்துக்கொண்டது ஞாபகமிருக்கும்), முன்வரிசையில் கைத்தடியோடு அமர்ந்திருக்கும் என் பள்ளிக்கூடத்துக் கணக்கு ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஆசிரியர் தினம் என்றால் ராதாகிருஷ்ணனைப் பற்றிப் பேசுவோம். அவருக்கு அடுத்து, 1967இல், அதே குடியரசுத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவரும் வாத்தியார்தான்: டாக்டர் ஜாகிர் உசேன். ஆசிரியர், ஆளுநர், குடியரசுத் தலைவர் என்று அவரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். அப்படிக் கணக்கே பார்க்காமல் உழுதவர் ஜாகிர் உசேன். 1920இல் காந்தியின் அழைப்பைக் கேட்டு அலிகர் கல்லூரியை விட்டு வெளியேறிய மாணவர்களில் ஒருவர். அவர்களுக்காகத் தொடங்கியதுதான் ஜாமியா மில்லியா என்ற தேசியக் கல்வி நிலையம். பிறகு பெர்லினில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு 1926இல் திரும்பி வந்தபோது ஜாமியா டெல்லி கரோல் பாக்குக்குக் குடிபெயர்ந்திருந்தது. கையில் காசில்லை. 29 வயதில் துணைவேந்தர்! அடுத்த வருடக் கடைசியில், பணம் திரட்டித் தந்துகொண்டிருந்த ஹக்கீம் அஜ்மல் கானும் காலமாகிவிட்டார். ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசி ஒரு உறுதிமொழி எடுத்தார்கள்: இருபது வருடம் இங்கேதான் வேலை, 150 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குவதில்லை.

ஜாமியாக்காரர்கள் விடாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. மாணவர்கள் அழுக்குச் செருப்போடும் தூசி படிந்த ஷூவோடும் வகுப்புக்கு வருகிறார்கள். பளபளவென்று துடைத்துக்கொண்டு வாருங்கள் என்று துணைவேந்தர் சொல்லிப் பார்க்கிறார். யார் கேட்டார்கள்? நீங்கள் கேட்பீர்களா? (பின்வரிசையில் சிரிப்பவர் தன் காலைப் பார்த்துக்கொள்ளவும்.) ஒருநாள் காலை வாசலில் ஒரு ஆள் பாலிஷ் டப்பாவும் பிரஷ்ஷுமாகக் குந்தியிருக்கிறார். முதலில் வந்த பையன் யாரோ தொழிலாளி என்று நினைத்துக் காலை நீட்டிவிட்டான். அவரும் தேய்க்கிறார். இடது கால் முடிந்து வலது காலுக்கு வரும்போதுதான் பையன் முகத்தைப் பார்க்கிறான். தாடி, கண்ணாடி... துணைவேந்தர்! சரி, காலை இழுக்கலாமா, ஓடலாமா? ஒரு ஷூ மின்னுகிறது, ஒரு ஷூ மண்ணாக இருக்கிறது. இடது வலது கணக்கெல்லாம் நான் சேர்த்தது, மன்னிக்கவும். மறுநாளிலிருந்து ஜாமியாவில் அழுக்கு ஷூவே இல்லையாம்.

இப்படியே 22 வருடம், 1948 வரை. அப்புறம் அலிகர் துணைவேந்தர், பீகார் ஆளுநர், குடியரசுத் துணைத் தலைவர். ஆளுநர் காலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். நேரம் போய்விட்டது, முதல்வர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற அன்று, இந்த மரியாதை வெறும் ஒரு ஆசிரியனுக்குக் கிடைத்தது என்றுதான் பேசினார். 1969இல் பதவியிலேயே காலமானார். புதைத்தது ஜாமியா வளாகத்திலேயே.

இங்கே ஒன்றைக் கேட்கவேண்டும். ஜாகிர் உசேன் குறைந்த சம்பளம் வாங்கினார், நீங்களும் வாங்குங்களேன் என்று கௌரவ விரிவுரையாளர்களிடம், அதாவது நிரந்தரப் பணியில்லாமல் பாடம் எடுப்பவர்களிடம், சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஐயா, அவர் தானாக எழுதிக் கொடுத்தார். எங்களுக்கு மேலிருந்து எழுதி வருகிறது. தியாகத்தை ஆணை போட்டு வாங்கினால் அதற்குப் பெயர் வேறு. நானும் ஒரு கல்லூரியில் ஒன்பது வருடம் கௌரவ விரிவுரையாளராக இருந்தவன். பெயரில்தான் கௌரவம். மே மாதம் சம்பளம் கிடையாது. மளிகைக் கடை அண்ணாச்சியிடம் ஜூன் மாதம் தருகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். உழுதவன் கணக்குப் பார்க்கக் கூடாது, சரி. உழவைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நிற்பவர்கள் பார்க்கலாம் இல்லையா? இந்தக் கல்லூரியில் உங்களுக்குப் பாடம் எடுப்பவர்களில் நிரந்தரப் பணியில் இருப்பவர் எத்தனை பேர் என்று நாளைக்கு வகுப்பு வகுப்பாக எண்ணிப் பாருங்கள்.

காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லும் மனு வாசல் பக்க மேசையில் இருக்கிறது. பேனா ஒன்றுதான், நூல் கட்டி வைத்திருக்கிறேன். கணக்கு ஐயா முதல் கையெழுத்துப் போடுவார். போண்டா அதற்கப்புறம்தான்.