முட்டையின் மேற்பரப்பைப் படித்தவர்: ஏர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட்

[திரை: கண்ணாடிக் கிண்ணத்தில் கடல்நீர். நுண்ணோக்கியில் உருண்டையாக ஒரு முட்டை.]

இந்த முட்டையைச் சுற்றி எத்தனையோ விந்தணுக்கள் நீந்துகின்றன. உள்ளே போக வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இரண்டாவதும் நுழைந்துவிட்டால் குரோமோசோம்களின் பங்கீடு குழம்பி, கரு செத்துப்போகும். அப்படியென்றால் முதல் விந்தணு வந்ததும் முட்டை எப்படிக் கதவைச் சாத்துகிறது?

[திரை: ஏர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட், புகைப்படம். பின்னால் வுட்ஸ் ஹோல் கடற்கரை.]

இதை உற்றுப் பார்த்தவர் ஏர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட். 1883இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுக நகரில் பிறந்த கறுப்பினத்தவர். 1909இலிருந்து சுமார் இருபது கோடைகள், மாசசூசெட்ஸில் உள்ள வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்தார்.

[திரை: மணல் டாலர். பிறகு அதன் முட்டை, அசைவுப்படமாக.]

இது மணல் டாலர் என்ற தட்டையான கடல் விலங்கு, முட்கள் நிறைந்த கடல் முள்ளெலிக்கு நெருங்கிய சொந்தம். இதன் முட்டையைப் பற்றி 1919இல் ஜஸ்ட் எழுதியதைப் பாருங்கள். விந்தணு நுழைந்த இடத்தில் மேல்சவ்வு பிரிந்து எழும்புகிறது. அந்த எழுச்சி அப்படியே பரவி எதிர்ப்பக்கம் வரை போகிறது. ஆனால் அதற்கு முன்பே, கண்ணில் படாத ஒரு மாற்றம் மேற்பரப்பு முழுக்க ஓடி முடிந்துவிடுகிறது. அது கடந்த இடத்தில் வேறெந்த விந்தணுவாலும் நுழைய முடியாது!

சவ்வு எழும்புவதுதான் தடை என்று நினைப்பது சுலபம். அதற்கும் முந்திய ஒரு தடை இருக்கிறது என்பதை, விந்தணுக்கள் நுழைய முடியாமல் போவதை நுண்ணோக்கி வழியே பார்த்தே அவர் கண்டுகொண்டார். கடல் முள்ளெலி முட்டையில் அந்த வேகத் தடை மின்னழுத்த மாற்றத்தால் வருகிறது என்பதை 1976இல் லாரிண்டா ஜாஃபே என்ற ஆய்வாளர் காட்டினார்.

எனக்கு ஜஸ்டிடம் மிகவும் பிடித்தது அவருடைய பக்குவம். சுத்தமான பாத்திரம், புதிய கடல்நீர், சரியான வெப்பநிலை, அதிராத கை. முட்டையை முரட்டுத்தனமாகக் கையாண்டால் கிடைக்கும் முடிவு இயற்கையைப் பற்றியதே அல்ல என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பெயர்பெற்ற ஆய்வாளர்களே அவரிடம் யோசனை கேட்டு வந்தார்கள். இன்று பவளப்பாறைகளை மீட்க, பவளம் முட்டையிடும் இரவில் முட்டையையும் விந்தணுவையும் சேகரித்துக் கிண்ணத்தில் கலக்கிறார்கள் அல்லவா? அங்கேயும் விந்தணு அளவுக்கு மிஞ்சினால் கருக்கள் கெட்டுப்போகும். ஜஸ்ட் கவலைப்பட்ட அதே விஷயம்.

சரி, இவ்வளவு திறமைக்கு என்ன மரியாதை கிடைத்தது? கறுப்பின அமெரிக்கரின் சிறந்த சாதனைக்குத் தரப்படும் ஸ்பிங்கார்ன் பதக்கம், 1915இல் முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. ஆனால் நிறவெறியால் எந்தப் பெரிய வெள்ளையர் பல்கலைக்கழகமும் அவருக்கு வேலை தரவில்லை. கறுப்பினத்தவர் பெரும்பாலும் படித்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சிப் பணத்துக்கு அலைந்தார். கடைசியில் ஐரோப்பாவுக்குப் போனார்: நேப்பிள்ஸ், பெர்லின், பிரான்சின் ரோஸ்கோஃப். 1940இல் நாஜிகள் அவரைச் சிறிது காலம் அடைத்து வைத்தார்கள். நாடு திரும்பியவர் 1941இல் புற்றுநோயால் இறந்தார். வயது 58. இதைச் சொல்லும்போது கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும்.

[திரை: ரோஜர் ஆர்லினர் யங்.]

அவருடைய மாணவி ரோஜர் ஆர்லினர் யங். இவரும் வுட்ஸ் ஹோலில் ஆய்வு செய்தார். 1940இல் விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் ஆனார்.

அப்புறம் 2020இல் கடல் ஆய்வாளர் டியாரா மூர் 'பிளாக் இன் மரைன் சயின்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். கறுப்பினக் கடல் ஆய்வாளர்கள் தங்கள் வேலையைத் தாங்களே விளக்கும் காணொளிகளை யூடியூபில் தேடிப் பாருங்கள்.